நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர்

மாதிரி ரயில் என்றதும் நம் மனத்தில் வருவது ஒரு வட்டம். மேஜை மேல் நீள்வட்டத் தண்டவாளம், ஒரு குகை, ஒரு பாலம், சின்னதாய் ஒரு ஸ்டேஷன், சுற்றிச் சுற்றி வரும் வண்டி. வீட்டில் தனி அறை ஒதுக்க முடிந்தவர் இதையே பெரிதாகச் செய்கிறார். முடியாதவர் சுவரில் ஆறடிப் பலகை ஒன்றை அடிக்கிறார். அதில் மூன்று தடம், வண்டியைத் தடம் மாற்றிவிடும் இரண்டு பாயிண்ட், ஒரு சிறிய எஞ்சின், எட்டு வேகன். அந்த எட்டையும் இழுத்தும் தள்ளியும் வரிசை மாற்றி, சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. இந்தக் கலை செழித்து வளர்ந்த அமெரிக்காவிலும் பிரிட்டனிலும்கூட, இந்த ஷண்டிங் பலகையை ‘இடமில்லாதவனுக்கு இதுவாவது’ என்ற கணக்கில்தான் பலர் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்தப் பார்வை தவறு என்பது என் வாதம். ரயில்வே உண்மையில் செய்கிற வேலையை வீட்டுக்குள் கொண்டுவர நினைப்பவருக்குப் பெரிய அறையைவிடச் சின்னப் பலகையே பொருத்தமானது. ஏனென்றால், இடத்தைச் சுருக்கலாம். நேரத்தைச் சுருக்கினால் அது உடனே பல்லிளித்துவிடும். நேரத்தைச் சுருக்காமலே ஓட்டக்கூடிய மாதிரி ரயில் இந்தப் பலகை ஒன்றுதான்.

கணக்கைப் பார்ப்போம். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. 1,435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜ் தண்டவாளம் அதில் 16.5 மி.மீ. ஆகிறது, ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர் ஆகிறது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறையின் நான்கு சுவரையும் ஒட்டித் தடம் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர். அதாவது ஒரு முழு அறையை விழுங்கிவிட்டு நமக்குக் கிடைக்கும் ரயில் பாதை ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடாக ஓட்டினால், புறப்பட்ட ஸ்டேஷனுக்கே வண்டி ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். வளைவுகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்க மெயின் லைனில் 573 அடி ஆரமுள்ள வளைவே கடுமையான வளைவு, அதை எச்.ஓ.வில் அப்படியே போட ஆறரை அடி ஆரம் வேண்டும். வீட்டில் போடுவதோ 22 அங்குலம், பல சமயம் 18. நிஜத்தில் அது 160 அடியும் 130 அடியும். எந்த எக்ஸ்பிரஸ் வண்டியும் அப்படிப்பட்ட வளைவுக்குள் தலையை நீட்டாது. இதையெல்லாம் மறைக்கப் பெரிய அமைப்புகளை ஓட்டுபவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நான்கு மடங்கோ ஆறு மடங்கோ வேகமாக ஓடும் தனிக் கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வண்டி ஓடும் அரை நிமிடம் அந்தக் கடிகாரத்தில் இரண்டு மூன்று நிமிடமாகத் தெரியும். ஆனால் அதே அரை நிமிடத்தில் ஒருவர் வேகனைக் கோத்தால் அதற்கும் இரண்டு மூன்று நிமிடம் கழிந்துவிடும். தூரத்துக்காகச் சொன்ன பொய் வேலையின் கணக்கையும் கெடுத்துவிடுகிறது.

பலகையில் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. ஒரு தொழிற்சாலையின் சைடிங்கில், அதாவது அதன் பக்கத் தடத்தில், வேகனைக் கோக்கும்போது, மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போய் மோதக்கூடாது என்பது அமெரிக்க ரயில்வேக்களில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. ஓர் ஆள் வேகமாக நடக்கும் வேகம்தான் அது. எச்.ஓ.வில் அது நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஆறடிப் பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக எஞ்சினுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அதே பலகையை அறுபது மைல் வேகத்துக்கு ஈடான வண்டி ஆறே விநாடியில் கடந்துவிடும். பலகை ஒன்றுதான், வேலை மாறும்போது அதன் நீளமும் மாறிவிடுகிறது. அதோடு, சைடிங்கின் அளவுகளே சிறியவை. நாற்பதடி சரக்கு வேகன் எச்.ஓ.வில் பதினான்கு சென்டிமீட்டர். மூன்று வேகன் நிற்கும் தொழிற்சாலைத் தடம் நிஜத்தில் எவ்வளவு நீளமோ, அதைத் துளியும் குறைக்காமல் அரை மீட்டரில் போட்டுவிடலாம்.

“அப்படியென்றாலும் அது ஒரு துண்டுதானே? ரயில்வே என்பது ஊரையும் ஊரையும் இணைப்பதல்லவா?” என்று கேட்பவர்களுக்கு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த ஒரு கூட்ஸ் நிலையத்தைக் காட்டலாம். நியூ ஜெர்சி சென்ட்ரல் ரயில்வேயின் தண்டவாளம் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், ஜெர்சி சிட்டியில் முடிந்துவிடும். ஆனால் அக்கம்பெனிக்கு ஆற்றுக்கு அப்பால் இருந்த வியாபாரமும் வேண்டியிருந்தது. ஆகவே ஹார்லெம் ஆற்றின் கரையில் 1907இல் ஒரு நிலையத்தைத் திறந்தார்கள். அதற்கு வேறெந்த ரயில் பாதையோடும் தரைவழி இணைப்பு கிடையாது. மேல்தளத்தில் தண்டவாளம் பதித்த தோணிகளில் வேகன்களை ஏற்றி, இழுவைப் படகு கட்டி, துறைமுகம் சுற்றி அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். உள்ளே ஒரு வட்ட வடிவ கூட்ஸ் ஷெட், அதை ஒட்டி வளையும் தடங்கள், வண்டிக்காரர்கள் வேகனோடு ஒட்டி நின்று சரக்கு மாற்றும் தடங்கள், ஓர் எஞ்சின். அவ்வளவுதான் அந்த ரயில்வே. நகருக்குள் நீராவி எஞ்சின் கூடாது என்று 1923இல் நியூயார்க் மாநிலம் காஃப்மன் சட்டம் கொண்டுவந்தபோது, இந்தச் சின்ன யார்டுக்குத்தான் 1925இல் ஒரு புது எஞ்சின் வந்தது. ஆல்கோ உடல் செய்ய, ஜெனரல் எலெக்ட்ரிக் மின்பாகம் தர, இங்கர்சால் ராண்ட் டீசல் எஞ்சின் தர, மூவரும் சேர்ந்து உருவாக்கிய 300 குதிரைத்திறன் பெட்டி வடிவ எஞ்சின் அது, எண் 1000. வியாபார ரீதியில் வெற்றி பெற்ற முதல் டீசல்-எலெக்ட்ரிக் எஞ்சின் என்று ரயில் வரலாறு அதைத்தான் சொல்கிறது. 1957இல் ஓய்வு பெற்று, இப்போது பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நிலையம் 1961 வரை இயங்கியது. உலக ரயில்வேயின் போக்கையே மாற்றிய டீசல் யுகம், எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்காத, எந்த வண்டியும் வேகமெடுத்து ஓடாத ஒரு முற்றத்தில் தொடங்கியிருக்கிறது. இதைத் துண்டு என்று எப்படிச் சொல்வது? அந்த நிலையத்தை ஒரு தடத்தைக்கூடச் சுருக்காமல் எச்.ஓ.வில் அப்படியே செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஓர் எக்ஸ்பிரஸ் பாதையை அப்படிச் செய்யக்கூடிய வீடு எந்த நாட்டிலும் இல்லை.

இனி அடுத்த ஆட்சேபம். இது கொஞ்சம் கனமானது. ‘ஷண்டிங் பலகை என்பது ரயில்வே இல்லை, அது ஒரு புதிர் விளையாட்டு, பத்து முறை ஆடினால் சலித்துவிடும்’ என்கிறார்கள். இதற்கு அடிப்படை உண்டு. இவ்வகைப் பலகைகளில் மிகப் புகழ்பெற்ற இரண்டுமே விளையாட்டாகத்தான் அறியப்படுகின்றன. பிரிட்டனின் ஆலன் ரைட், நார்தம்பர்லேண்டில் கிராமப்புறக் கிளைப்பாதை ஒன்றிலிருந்த கில்ஹாம் சைடிங்கைப் பார்த்து வடிவமைத்தது ‘இங்கில்நுக்’. மூன்று தடம், ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று வேகன் நிற்கும். எஞ்சின் முன்பின் போய்வரும் முனைத்தடத்தில் எஞ்சினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்து எடுக்க வேண்டும். சீட்டு வந்த வரிசைப்படியே ஐந்து வேகனைக் கோத்து நிறுத்த வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம். அமெரிக்காவின் ஜான் ஆலன் 1972இல் ‘மாடல் ரயில்ரோடர்’ இதழில் வெளியிட்ட ‘டைம்சேவர்’ இன்னும் கடினமானது. யார் சீக்கிரம் முடிக்கிறார் என்று போட்டி வைத்து ஆடவே அது பிறந்தது. ஜான் ஆலன் சாதாரண ஆள் இல்லை. கலிஃபோர்னியாவின் மான்டெரேயில், தன் வீட்டின் அடித்தளத்தில் மலையும் பள்ளத்தாக்குமாக அவர் கட்டிய பிரம்மாண்டமான ரயில் அமைப்பு இந்தக் கலையின் சிகரம் என்று இன்றும் பேசப்படுகிறது. பெரிதிலும் பெரிதைக் கட்டிய அவரே இந்தப் பலகையையும் வடிவமைத்தார். ஆனால் அந்தப் பலகையில் ஒரு குறை இருக்கிறது: தடத்தை வேண்டுமென்றே சிக்கலாக்கியிருக்கிறார். எந்த ரயில்வேயும் தன் ஊழியர்களைத் தவிக்கவிடுவதற்காகத் தண்டவாளம் போடுவதில்லை.

ஆக, சலிப்பு எங்கே இருந்து வருகிறது? பலகை சின்னதாக இருப்பதிலிருந்து அது வரவில்லை. வேகன் ஏன் நகர்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததிலிருந்து வருகிறது. குலுக்குச் சீட்டு சொன்னதற்காக நகரும் வேகனுக்கும், நாளை காலை மாவு மில்லுக்குக் கோதுமை வேண்டும் என்பதற்காக நகரும் வேகனுக்கும் வித்தியாசம் உண்டு. 1961இல் டக் ஸ்மித் என்பவர் இதற்கு ஒரு வழி எழுதினார். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அந்த அட்டையின் பையில் எங்கே போக வேண்டும், என்ன சரக்கு, யாருக்கு என்று எழுதிய சரக்குச் சீட்டு. சீட்டை ஒரு சுற்று திருப்பினால் அதே வேகன் காலியாகத் திரும்ப வேண்டிய இடம் வரும். உண்மையான ரயில்வேயின் ‘வே-பில்’ முறையை எளிமையாக்கிய ஏற்பாடு இது. இதைச் செய்த மாத்திரத்தில், பலகையில் இருக்கும் ஒரே தொழிற்சாலைக்குள்ளும் ‘இந்த வாசல், அந்த வாசல்’ என்ற பேதம் வந்துவிடுகிறது. சோளச் சர்க்கரைப் பாகு வரும் டேங்கர், குழாய் இருக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும். அட்டைப்பெட்டி வரும் வேகன் இரண்டாம் கதவுக்குப் போக வேண்டும். இரண்டாம் கதவில் நேற்று வந்த வேகன் இன்னும் காலியாகவில்லையா? அதை வெளியே இழுத்து, டேங்கரை வைத்து, மறுபடியும் அதே கதவில் கொண்டுவந்து விட வேண்டும். மூன்றே தடத்தில் நிஜ ரயில்வேயின் நிஜத் தலைவலி வந்துவிட்டது. மயாமி நகரின் தொழிற்பேட்டைத் தடங்களை மாதிரியாகச் செய்து, சின்ன ஷண்டிங் அமைப்புகளைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியிருக்கும் லேன்ஸ் மைண்ட்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போகிறார். புதிரே வேண்டாம், தடம் எளிமையாக இருக்கட்டும், வேலையை மட்டும் முழுதாகச் செய் என்பது அவருடைய வழி. பாயிண்ட்டுகளைக் குறைத்தால் மாதிரி செழிக்கும் என்று அவர் சொல்வதை முதலில் கேட்கும்போது நம்பிக்கை வருவதில்லை. ஒரு வேகனை விட்டுவரும் வேலையை அருகிலிருந்து பார்த்தால் வந்துவிடும்.

பாருங்கள்: எஞ்சின் இரண்டு வேகனைத் தள்ளிக்கொண்டு பாயிண்ட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. கண்டக்டர் இறங்குகிறார். பாயிண்ட் நெம்புகோலில் பூட்டு. திறந்து, நெம்புகோலை மறுபக்கம் தள்ளி, நாக்குத் தண்டவாளம் ஒட்டி உட்கார்ந்ததா என்று குனிந்து பார்க்கிறார். கை காட்டுகிறார். வண்டி உள்ளே ஊர்கிறது. சாலையைக் கடக்கும் இடத்தில் மறுபடி நின்று, லாரிகளை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். தொழிற்சாலைக் கதவுக்கு நேராக வேகனின் கதவு வரும்வரை ‘இன்னும் ஒரு வேகன் நீளம், அரை வேகன், நிறுத்து’ என்று ரேடியோவில் தூரம் சொல்கிறார். நின்றபின் இரண்டு வேகனுக்கு நடுவே அவர் கால் வைக்க வேண்டுமானால், எஞ்சின் ஓட்டுபவர் பிரேக்கைப் போட்டு, ரிவர்சரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டர் இணைப்பையும் துண்டித்தேன் என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே காற்றுக் குழாய். பிறகு வேகனில் ஏறி ஹேண்ட் பிரேக் சக்கரத்தைச் சுற்றி இறுக்குவது. பிறகு பிரிப்பது. வெளியே வந்தபின் பாயிண்ட்டை மறுபடி மெயின் லைனுக்குத் திருப்பிப் பூட்டுவது. பலகையின் முன்னால் நிற்பவர் இந்த ஒவ்வொன்றுக்கும் நின்று, அந்தந்த வேலைக்கான நேரத்தைக் கொடுத்து ஓட்டினால், ஒரு வேகனை ஒரு கதவில் விட்டுவர கால் மணி நேரம் எளிதில் போய்விடும். நான்கு வேகன் என்றால் ஒரு மணி நேர வேலை. ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதைப் போல வெளியே தெரியும் அந்த நேரத்தில்தான் ஓட்டுபவரின் மனம் அந்த யார்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

இப்படி ஓட்ட எல்லோருக்கும் பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். நீண்ட வண்டி ஒன்று வளைவில் திரும்பி மறைவதைப் பார்க்கும் ஆனந்தத்தைப் பலகை தராது. அந்த ஆசை உள்ளவர், கிளப்புகள் கட்டும் பெரிய அமைப்புகளில் போய் ஓட்டுவதே நல்லது. குழந்தைக்கு வாங்கித் தருபவரும் வட்டத் தடத்தையே வாங்கலாம். ஆனால் ‘ஓடுவதுதான் ரயில், நிற்பது ரயில் இல்லை’ என்ற வாதத்தை ஏற்க முடியாது. சரக்கு வேகனின் வாழ்நாளில் பெரும்பகுதி யார்டிலும் சைடிங்கிலும் நின்றபடிதான் கழிகிறது. 1944இல் ஃப்ராங்க் எலிசன், மாதிரி ரயிலை நாடகத்தோடு ஒப்பிட்டு எழுதினார்: தடம் மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை கதை. அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், கூத்துக்கு வேண்டியது பெரிய மேடையா, கட்டியக்காரன் வந்துபோக ஒரு திரைமறைவா? பலகையின் ஒரு முனையில், பாலத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால், கழற்றி மாட்டக்கூடிய இரண்டடிப் பலகைத் துண்டில் ஒரே ஒரு தடம் போதும். புது வேகன்கள் அங்கிருந்து வரும், முடிந்தவை அதில் போகும். பிராங்ஸ் நிலையத்துக்குத் தோணி எதுவோ, இந்தப் பலகைக்கு அந்தத் துண்டு அது.

மெதுவாக ஓட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் பலகையைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. வேகமாக ஓடும் எஞ்சின் தண்டவாளத்தின் குறைகளைத் தாவிப் போய்விடும். நொடிக்கு இரண்டு சென்டிமீட்டரில் ஊரும் எஞ்சின் ஒவ்வொரு குறையிலும் நின்றுவிடும். மோசமான இடம் பாயிண்ட்டின் நடுவில் இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் V வடிவத் துண்டு. அமெரிக்கர்கள் ஃப்ராக் என்றும் நம் ரயில்வேக்காரர்கள் கிராஸிங் என்றும் சொல்வார்கள். மலிவான பாயிண்ட்டில் அது பிளாஸ்டிக்கால் ஆனது, மின்சாரம் பாயாது. ஷண்டிங் எஞ்சின் குட்டையானது. அதன் சக்கரங்களில் ஒன்றிரண்டு அந்தப் பிளாஸ்டிக் மேல் ஏறி, இன்னொன்றின் அடியில் ஒரு தூசி இருந்தாலே போதும், மின்சாரம் அறுந்து அப்படியே நிற்கும். விரலால் தட்டிவிட வேண்டியதுதான். கால் மணி நேரமாகக் கட்டிய நம்பிக்கை அந்த ஒரு தட்டலில் போய்விடும். ஆகவே உலோகக் கிராஸிங் உள்ள பாயிண்ட் வாங்கி, பாயிண்ட் திரும்பும்போது அதற்கான மின்சாரமும் மாறும்படி சுவிட்ச் வைத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக அடியிலிருந்து ஒயர் கொடுக்க வேண்டும். இணைப்புத் தகட்டை நம்பக்கூடாது. டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுபவர்கள் எஞ்சினுக்குள் ஒரு கெபாசிட்டரையும் வைத்தால், ஒன்றிரண்டு விநாடி மின்சாரம் அறுந்தாலும் தாங்கும். பணம் கேட்கும் வேலைதான். ஆனால் இருபது பாயிண்ட் உள்ள அறையில் இதை முழுதாகச் செய்து முடிப்பது பெரிய வேலை; இரண்டு பாயிண்ட் உள்ள பலகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். எஞ்சினும் ஒன்றே போதும் என்பதால், ஆறு சுமாரான எஞ்சின் வாங்கும் பணத்தில் ஊர்ந்து போகத் தெரிந்த நல்ல ஒன்றை வாங்கலாம்.

கப்ளிங் விஷயமும் இப்படித்தான். 1873இல் ஈலை ஜேனி காப்புரிமை வாங்கிய, மடக்கிய கைவிரல்போல ஒன்றையொன்று கவ்வும் கப்ளரின் வம்சம்தான் இன்று நம் சரக்கு வேகன்களிலும் இருக்கிறது. அதைச் சின்னதாக்கி, தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் வைத்தால் தானே பிரியும்படி அமெரிக்காவின் கேடீ நிறுவனம் செய்கிறது. பலர் காந்தத்தைவிட, முனை கூராக்கிய மூங்கில் குச்சியை இரண்டு கப்ளருக்கு நடுவே விட்டு இலேசாகத் திருகுவதையே விரும்புகிறார்கள். எந்த இடத்திலும் பிரிக்கலாம் என்பது ஒன்று. கண்டக்டர் கை வைக்கும் அதே இடத்தில் நம் கையும் போகிறது என்பது இன்னொன்று. கை போக வேண்டும் என்பதால்தான் பலகையின் அகலம் ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி என்று நிற்கிறது. உயரம் நெஞ்சளவு இருந்தால், வேகனை மேலிருந்து பறவைபோலப் பார்க்காமல், யார்டில் நிற்கும் ஆள்போலப் பக்கவாட்டில் பார்க்கலாம். பின்சுவரில் தொழிற்சாலையை முழுதாகக் கட்டாமல் ஓர் அங்குலத் தடிமனுக்கு முகப்பை மட்டும் ஒட்டினால் போதும். தடத்திலிருந்து பார்ப்பவருக்கு உண்மையான தொழிற்சாலையும் ஒரு நெடுஞ்சுவராகத்தானே தெரிகிறது.

நம் ஊர்க்காரர் ஒருவர் இதைச் செய்ய நினைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, கேஜ் கணக்கு ஒரு நல்ல வழி காட்டுகிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; எச்.ஓ.வில் அது 19 மி.மீ.க்கு மேல். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தடம் அதற்கு ஒட்டாது. ஆனால் தமிழ்நாட்டில் நெடுங்காலம் பரவலாக இருந்த மீட்டர் கேஜ், எச்.ஓ.வில் பதினொன்றரை மி.மீ. ஐரோப்பிய மீட்டர் கேஜ் பாதைகளுக்காக விற்கும் 12 மி.மீ. தடம் அதற்கு அரை மி.மீ. வித்தியாசத்தில் பொருந்துகிறது. எஞ்சினையும் வேகனையும் பெரும்பாலும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். அதைவிடக் கடினமானது வேலையைத் தெரிந்துகொள்வது. ஒரு மெயின் லைன், ஒரு லூப், கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு சைடிங் என்று இருந்த நம் சின்ன ஸ்டேஷன்களின் படம் எங்காவது கிடைத்துவிடும். உர மூட்டை வந்த வேகனை எந்தப் பக்கமிருந்து தள்ளினார்கள், லூப்பில் வண்டி நிற்கும்போது எஞ்சின் எப்படிச் சுற்றி வந்தது, ஷெட் வாசலில் நின்ற காலி வேகனை யார் சொல்லி எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்காது. ஷண்டிங் ஜமேதாராகவும் பாயிண்ட்ஸ்மேனாகவும் அந்த யார்டுகளில் நடந்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பலகையை அறுப்பதற்கு முன், அவர்களில் ஒருவரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, “ஐயா, காலையில கூட்ஸ் வந்து நின்னதும் முதல்ல எந்த வேகனை எடுப்பீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.